சம்பள நாளும் வெட்டு மேசையும்: சுங்கை சிப்புட் தையல் கடை ஒன்றின் இரண்டு தீபாவளிப் பருவங்கள்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் தீபாவளித் தையல் நெரிசல் எப்போது தொடங்கும் என்று தெரிய வேண்டுமானால், பண்டிகைத் தேதிக்குப் பக்கத்தில் தோட்டத்துச் சம்பளத் தேதியையும் எழுதி வைத்துப் பார்க்க வேண்டும். 1955-ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சட்டப்படி ஒரு மாதச் சம்பளம் அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள் தொழிலாளர் கைக்கு வந்துவிட வேண்டும். சம்பளம் வந்த வார இறுதியில் குடும்பம் ஈப்போ லிட்டில் இந்தியாவுக்குப் போகும். சேலை, பாவாடைத் துணி, ஜிப்பாத் துணி வாங்கும். அடுத்து டைலர் கடை வாசலில் பையோடு நிற்கும். செம்பனையில் (எண்ணெய்ப் பனையில்) குலை வெட்டுகிறவர்களுக்கு வெட்டிய எடைக்கேற்பத்தான் கூலி. மலேசியாவில் பொதுவாக ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை காய்ப்பு அதிகம். அதனால் கையில் பணம் கூடுதலாகப் புரளும் மாதங்களும் தீபாவளிக்கு முந்தைய மாதங்களும் ஒன்றாகவே வந்து விழுகின்றன. தோட்டத்தாருக்கும் அப்போதுதான் வேலை தலைக்கு மேல். கடைப்பக்கம் வர ஞாயிறு ஒன்றுதான் கிடைக்கும்.

2024-இல் தீபாவளி அக்டோபர் 31, வியாழக்கிழமை. அந்த மாதம் ஏழாம் தேதிக்கும் பண்டிகைக்கும் நடுவே 24 நாள் இருந்தது. 2025-இல் தீபாவளி அக்டோபர் 20, திங்கட்கிழமை. இடைவெளி 13 நாளாகச் சுருங்கிவிட்டது. 24 நாளிலேயே மூச்சுத் திணறிய கடை ஒன்று 13 நாளை எப்படிக் கடந்தது என்பதுதான் இந்த ஆய்வு.

நான் தொழிற்சாலை ஒன்றில் உற்பத்தித் திட்டமிடும் பிரிவில் வேலை செய்கிறேன். கடை என் சின்னம்மா மகளுடையது. எனக்கு அக்கா முறை. இரண்டு பருவத்திலும் வார இறுதிகளில் கடையில் இருந்து பார்த்தேன். ஊர்க் கடைக்காரர்களுக்குப் பயன்படட்டும் என்று அக்காவே எழுதச் சொன்னார். கடைப் பெயரும் ஆட்கள் பெயரும் வேண்டாம் என்பது மட்டும்தான் அவர் போட்ட நிபந்தனை.

கடையும் ஆட்களும்

பாசார் (சந்தை) பக்கத்துக் கடைவீட்டில் கீழ்த்தளம். ஐந்து தையல் இயந்திரம், துணி விளிம்பு பிரியாமல் தைக்கும் ஓவர்லாக் இயந்திரம் ஒன்று, ஒரே ஒரு வெட்டு மேசை. அக்கா அளவெடுப்பார், வெட்டுவார், பணம் வாங்குவார், போன் எடுப்பார். தைக்க நான்கு பேர்: மூன்று பெண்கள், ஜிப்பாவும் சிறுவர் உடையும் தைக்கிற மாமா ஒருவர். ரவிக்கைக்குக் கொக்கி வைப்பது, விளிம்பு மடித்துக் கைத்தையல் போடுவது எல்லாம் தோட்டத்து வீடுகளில் இருக்கும் இரண்டு அக்காமார் கையில். துணிக்கு இவ்வளவு என்று கூலி. மாலையில் மோட்டார் சைக்கிளில் பை போகும், மறுநாள் திரும்பும்.

உள்துணி வைத்த ஒரு ரவிக்கை எத்தனை கை மாறுகிறது என்பதைப் பார்த்தால்தான் மற்றது புரியும். உள்துணியை நனைத்து உலர்த்த வேண்டும். இல்லையென்றால் முதல் சலவையில் சுருங்கிக் கழுத்து இழுத்துக்கொள்ளும். அளவு ரவிக்கையை வைத்துக் குறிக்க வேண்டும். வெட்ட வேண்டும். உள்துணியையும் மேல்துணியையும் சேர்த்துப் பிடித்துத் தைக்க வேண்டும். கழுத்துக்குப் பைப்பிங், கை ஏற்றுதல், பக்கத் தையல், ஓவர்லாக், பிறகு கொக்கி, இஸ்திரி. இதில் வெட்டு ஒன்று மட்டும்தான் திருத்த முடியாத வேலை. தையலைப் பிரித்து மறுபடி போடலாம். வெட்டிய பட்டை ஒட்ட முடியாது. அதனால் அந்தக் கத்தரி அக்காவின் கையை விட்டு வேறு கைக்குப் போனதே இல்லை.

2024: யாரும் சும்மா உட்காரவில்லை

அந்த வருடம் ஏழாம் தேதிக்குப் பிறகு வந்த எல்லாத் துணியையும் அக்கா வாங்கிக்கொண்டார். வருடம் முழுக்க நம்பி வருகிறவர்களைத் திருப்பி அனுப்ப மனம் வரவில்லை. எல்லோருக்கும் ஒரே பதில்: “29-ஆந்தேதி வாங்க, ரெடியா இருக்கும்.” பைகள் சுவர் ஓரம் ஏறின. அலமாரி நிறைந்தது. பிறகு நாற்காலிகளும் நிறைந்தன.

காலையில் கடை திறந்ததும் அக்கா மேசைக்குப் போவார். ஒரு ரவிக்கைக்குக் குறி போடுவதற்குள் வாசலில் ஆள். அளவெடுத்து அனுப்பிவிட்டு வந்தால் போன். “எங்க துணி என்னாச்சுக்கா?” என்று கேட்பவருக்குப் பதில் சொல்ல, அந்தப் பையைத் தேட வேண்டும். தேடி எடுத்த பிறகு அதை ஓரத்தில் வைக்க மனம் வராது. அதையே முதலில் வெட்டத் தோன்றும். இதற்குள் தைப்பவர்களுக்கு வெட்டிய துணி தீர்ந்துபோயிருக்கும். அவர்களைச் சும்மா உட்கார வைக்கக்கூடாது என்று ஆளுக்கு மூன்று நான்கு பையைக் கொடுத்து, எதில் எதைச் செய்ய முடியுமோ செய்யுங்கள் என்பார். ஒன்றில் உள்துணி இல்லை. ஒன்றில் நிறத்துக்கேற்ற நூல் இல்லை. இன்னொன்றில் கழுத்து எந்த மாதிரி என்று எழுதவில்லை. பாதி தைத்த ரவிக்கைகள் இயந்திரத்துக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் குவிந்தன.

பிற்பகலில் மழை பெய்கிற மாதம் அது. இடி இடித்தால் மின்சாரம் துண்டிக்கும். கரண்ட் வரும்வரை எல்லோரும் எழுந்து வாசலுக்குப் போவார்கள். மாலைக்கு மேல்தான் அக்காவுக்கு வெட்ட நேரம் கிடைக்கும். ஆகவே தையல் இரவில்தான் சூடு பிடிக்கும். கடைசி இரண்டு வாரம் காலை ஒன்பது மணிக்குத் திறந்த கடை நள்ளிரவு வரை ஓடியது, ஞாயிறும் சேர்த்து. இடது கையும் வலது கையும் மாறின. அம்மாவுக்கு எடுத்த கழுத்தளவில் மகளுடைய ரவிக்கை தைக்கப்பட்டது. 29, 30 தேதிகளில் வாசலில் நின்ற கூட்டத்தில் பாதிப் பேர் ஒருமுறை வாங்கிப்போய்ப் போட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவர்கள்.

பண்டிகை முடிந்து, நன்றாகத் தைக்கக்கூடிய ஒரு பெண் வேலைக்கு வரவில்லை. ஈப்போவில் ஒரு பேரங்காடியில் சேர்ந்துவிட்டாள். அவள் போனது சம்பளத்துக்காக இல்லை. “ராத்திரி பன்னெண்டுக்கு வீட்டுக்குப் போனா புள்ள தூங்கிருதுக்கா” என்று மட்டும் சொன்னாள்.

குழுவை வேகமாக வேலை வாங்குவது எப்படி என்று கேட்டுத்தான் அக்கா என்னிடம் பேச்சை ஆரம்பித்தார். அந்தக் கேள்வியை நான் ஒதுக்கிவைக்கச் சொன்னேன். அந்த நான்கு பேரும் வேகமாகத்தான் தைத்தார்கள். வேலை தேங்கியது அவர்கள் கையில் இல்லை.

எங்கே தேங்கியது

மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் பேராசிரியராக இருந்த ஜான் லிட்டில் 1961-இல் நிறுவிய ஒரு விதி உண்டு. ஒரு கடைக்குள் சராசரியாக எத்தனை வேலை நிற்கிறது என்பது, நாளுக்கு எத்தனை வேலை நுழைகிறது என்பதையும் ஒவ்வொன்றும் எத்தனை நாள் உள்ளே கிடக்கிறது என்பதையும் பெருக்கினால் வரும் எண். திருப்பிப் போட்டால் இன்னும் பயன்: கையில் நிற்கும் வேலையை, ஒரு நாளில் முடிந்து வெளியேறும் வேலையால் வகுத்தால், ஒரு துணி கடைக்குள் கிடக்கும் நாள் கிடைக்கும். கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு 15 ரவிக்கை முடிகிற கடையில் 90 ரவிக்கை நின்றால், இன்று வருவது ஆறு நாளில் கைக்கு வரும். 240 நின்றால் 16 நாள். ஆட்களும் வேகமும் மாறவில்லை. வாங்கி வைத்த பை மட்டும்தான் கூடியது.

உள்ளே கிடக்கும் நாள் கூடக் கூட விசாரிப்புப் போன் கூடும். ஒவ்வொரு போனும் அக்காவை மேசையிலிருந்து இழுக்கும். அதனால் வெட்டு குறையும், நாளுக்கு முடிகிற 15 என்பது 12 ஆகும், பை மேலும் தேங்கும். இந்தச் சுழலை ஆட்களை விரட்டி நிறுத்த முடியாது. விரட்டினால் பாதி தைத்த ரவிக்கைகள்தான் பெருகும்.

இரண்டாவது, வெட்டு மேசை. கடையின் முழு வேகமும் அந்த மேசையின் வேகம்தான். தைக்கும் இயந்திரம் ஐந்தை ஏழாக்கினாலும், மேசையிலிருந்து இறங்குகிற துணிக்கு மேல் ஒரு ரவிக்கைகூட அதிகம் வராது. அந்த மேசையில் நிற்கக்கூடிய ஒரே ஆள்தான் கதவுக்கும் போனுக்கும் கல்லாவுக்கும் ஓடிக்கொண்டிருந்தார். அக்கா வெட்டாத ஒவ்வொரு மணி நேரமும் நான்கு பேருக்கு இல்லாமல்போன வேலை.

மூன்றாவது, இரவு வேலை. இதில் ஊரில் உள்ள நம்பிக்கை பலமானது: நெரிசலா, கூட ரெண்டு மணி நேரம் உட்கார். இதைப் பற்றி நூறு வருடத்துக்கு முந்தைய நல்ல கணக்கு ஒன்று இருக்கிறது. முதல் உலகப்போர்க் காலத்தில் பிரிட்டனின் வெடிமருந்து ஆலைகளில் வேலை செய்த தொழிலாளர்களின், பெரும்பாலும் பெண்களின், வேலை நேரத்தையும் உற்பத்தியையும் அரசு அமைத்த குழு ஒன்று பதிந்து வைத்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பொருளியலாளர் ஜான் பென்கவெல் 2014-இல் அந்த ஏட்டை மறுபடி ஆராய்ந்தார். வாரத்துக்கு ஏறக்குறைய 49 மணி நேரம்வரை, நேரம் கூடக் கூட உற்பத்தியும் அதே விகிதத்தில் கூடியது. அதற்கு மேல் கூடும் வேகம் குறைந்துகொண்டே போனது. 70 மணி நேரம் உழைத்த வாரத்தின் உற்பத்தி, 56 மணி நேர வாரத்தினுடையதைவிடப் பெரிதாக ஒன்றும் அதிகமில்லை. வாரத்தில் ஓய்வு நாளே இல்லாதபோது உற்பத்தி அடி வாங்கியது.

அந்தப் பெண்களும் நம் கடைப் பெண்களைப் போலக் கையாலும் கண்ணாலும் வேலை செய்தவர்கள். 2024-இன் கடைசி இரண்டு வாரம் நம் கடை ஓடிய நேரம் 70-ஐத் தாண்டியது. சட்டத்துக்கும் அது ஒவ்வாது. 2023 ஜனவரி 1 முதல் வார வேலை நேரத்தின் உச்சம் 48-லிருந்து 45 மணியாகக் குறைந்தது. ஓவர்டைம் மாதத்துக்கு 104 மணிக்கு மேல் போகக்கூடாது. சாதாரணத் தொழிலில் ஒரு நாளில் 12 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கவும் கூடாது. ஐந்து மணி நேரத்துக்கு ஒருமுறை குறைந்தது அரை மணி ஓய்வு, வாரத்தில் ஒரு முழு நாள் ஓய்வு. சிறு கடைதானே என்று இவை விட்டுவிடுவதில்லை.

பணக் கணக்காகவும் பார்க்கலாம். 2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் மாதத்துக்கு 1,700 வெள்ளி (ரிங்கிட்) ஆனது. மணிக்கு 8 வெள்ளி 17 சென். ஓவர்டைம் ஒன்றரை மடங்கு என்றால் 12 வெள்ளியைத் தாண்டும். இரவு பதினொரு மணிக்குத் தூக்கக் கண்ணோடு ஏற்றிய ரவிக்கைக் கையை மறுநாள் பிரித்து ஏற்ற ஒரு மணி நேரம் ஆனால், தவறாகத் தைத்ததற்கு ஒரு ஓவர்டைம் கூலி, சரியாகத் தைப்பதற்கு இன்னொன்று. ஒரே ரவிக்கைக்குத் தையல் கூலி இரண்டுமுறை போகிறது, வாங்குவது ஒருமுறை.

2025: வாசலில் போட்ட கட்டு

ஆகஸ்டு கடைசியிலேயே வாட்ஸாப்பில் ஒரு செய்தி போனது. தீபாவளி இந்த முறை சீக்கிரம், செப்டம்பர் ஏழாம் தேதிச் சம்பளத்தோடு துணியைக் கொண்டு வந்துவிடுங்கள், புத்தகம் திறந்தாகிவிட்டது. புத்தகம் என்றால் வழக்கமான பெயர் எழுதும் நோட்டு இல்லை. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு வெட்டு நாள். அன்று அக்காவால் நிதானமாக எத்தனை வெட்ட முடியுமோ அத்தனை கோடு மட்டும். கோடு நிறைந்தால் அடுத்த பக்கம். வாடிக்கையாளருக்குக் கிடைக்கும் தேதி அந்தப் பக்கத்திலிருந்து வருகிறது. “29 வாங்க” என்ற ஒரே பதில் ஒழிந்தது.

உள்துணி வைத்த ரவிக்கைக்குப் பதிவு அக்டோபர் முதல் வாரத்தோடு மூடப்படும், அதன் பிறகு பாவாடை, ஜிப்பா, கடையில் தைத்தே வாங்கிய சூட்டை உடம்புக்கேற்பப் பிடித்துக் கொடுப்பது மட்டும் என்று எழுதி வாசலில் ஒட்டினார்கள். எழுதுவது எளிது. முதல் சோதனை உறவுக்குள்ளிருந்தே வந்தது.

“நான் உனக்கு யாரு? எனக்கே புக்கு ஃபுல்லாங்கிறியா?”

“சித்தி, உங்களுக்குத் தச்சுக் குடுக்கணும்னா ஏற்கெனவே காசு கட்டுன ஒருத்தங்களத் தள்ளணும்லா. யாரத் தள்ளட்டும், நீங்களே சொல்லுங்க.”

புத்தகத்தைத் திறந்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டார் அக்கா. சித்தி பெயர்களைப் படித்துப் பார்த்தார். எல்லாம் தெரிந்த பெயர்கள். கோபத்தோடுதான் போனார், ஆனால் பாவாடைத் துணியை வைத்துவிட்டுப் போனார். என் கணிப்பில் இந்தப் பருவத்தின் மிகக் கடினமான வேலை இதுதான். இதை அக்காவைத் தவிர யாரும் செய்திருக்க முடியாது. வேலைக்கு இருக்கும் பெண்கள் “முடியாது” என்று சொல்ல முடியாது, முதலாளிதான் அவர்கள் சார்பில் சொல்ல வேண்டும்.

ஆனால் முன்பதிவு என்று ஒன்று வந்ததும் யார் வெளியே நிற்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். முன்பணம் கட்டி செப்டம்பரிலேயே வருகிறவர்கள் மாதச் சம்பளக்காரர்கள், ஆசிரியர்கள், சேமிப்பு உள்ளவர்கள். அக்டோபர் ஏழாம் தேதிக்குக் காத்திருந்து வருகிறவர்கள் தோட்டத்துக் கூலிக் குடும்பங்கள். முந்தினவர்க்கே இடம் என்ற விதியை அப்படியே வைத்தால், வருடத்தில் ஒரே ஒருமுறை புதுத்துணி தைக்கிற வீட்டைத்தான் அது தள்ளிவிடும். இதைப் பற்றி நாங்கள் நெடுநேரம் பேசினோம். கடைசியில் அக்டோபர் 8-லிருந்து 13 வரையிலான பக்கங்களில் மூன்றில் ஒரு பங்குக் கோடுகளை அக்கா சிவப்பு மையில் அடைத்து வைத்தார். அவை தோட்டத்து வாடிக்கையாளர்களுக்கு, முன்பணம் இல்லாமல், உள்துணி ரவிக்கையும் சேர்த்து. அளவு மட்டும் செப்டம்பரிலேயே கொடுத்துவிட வேண்டும். துணி பிறகு வரலாம். கொக்கி வைக்கும் அக்காமாரே தங்கள் வரிசை வீடுகளில் பழைய அளவு ரவிக்கைகளைச் சேகரித்து, பெயர் எழுதிக் கொண்டு வந்தார்கள். தாமதமாக வருகிற வேலையை வெறுக்காமல், அதற்கென்று இடத்தை முன்பே ஒதுக்கி வைத்ததுதான் இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகப் பிடித்த பகுதி. திட்டம் போடத் தெரிந்த பல தொழிற்சாலைகள்கூட இதைச் செய்வதில்லை.

மேசையும் இயந்திரமும்

காலை ஒன்பதிலிருந்து ஒன்றுவரை அக்கா வெட்டு மேசையை விட்டு நகரக்கூடாது. போன், கதவு, கல்லா மூன்றும் கல்லூரியில் படிக்கும் மருமகளிடம் போயின. அவளுக்குத் தையல் தெரியாது. புத்தகத்தைப் பார்த்துப் பதில் சொல்லத் தெரிந்தால் போதும். விசாரிப்புக்குப் பகல் ஒருமுறை, மாலை ஒருமுறை மட்டும் பதில். பிற்பகலில் அக்கா அளவெடுக்கலாம், பேசலாம். மூத்த பெண்ணுக்குப் பாவாடை, சல்வார் கால்சட்டை போன்ற நேர் வெட்டுகளை ஜூலையிலேயே பழக்கினார்கள். பட்டு ரவிக்கை மட்டும் அக்கா கத்தரிக்கு.

முழுசா இல்லாத பை மேசைக்கு ஏறாது என்பது அடுத்த விதி. துணி, நனைத்து உலர்த்திய உள்துணி, நூல், கொக்கி, அளவுச் சீட்டு, கழுத்து மாதிரி வரைந்த தாள் எல்லாம் பைக்குள் இருக்க வேண்டும். இல்லையென்றால் பை வாசல் அலமாரியிலேயே நிற்கும். தைப்பவர் எழுந்து நூல் தேடிப் போவது இதோடு நின்றது. வெட்டி முடித்து, தைக்கக் காத்திருக்கும் துணி ஒரு நாள் வேலைக்குக் குறையக்கூடாது, இரண்டு நாளைக்கு மேல் சேரவும் கூடாது.

ஆளுக்கு ஒரே பை. அதை முடித்து ஓவர்லாக் மேசையில் வைத்த பிறகுதான் அடுத்தது. பைகளை நிறவாரியாக அடுக்கினார்கள். ஓவர்லாக்கில் மூன்று நூல்; ஒவ்வொரு நிறமாற்றத்துக்கும் பழைய நூலின் முனையில் புதியதை முடிந்து ஊசிவரை இழுக்க வேண்டும். சிவப்பும் மெரூனும் காலையில், பச்சை பிற்பகலில் என்று போனால் அந்த வேலை நாளுக்கு ஓரிரு தடவையோடு முடிகிறது.

மாமா இந்த ஒரு பை விதிக்கு ஒத்துக்கொள்ளவில்லை. எல்லா ஜிப்பாவுக்கும் காலர் முதலில், பிறகு எல்லாவற்றுக்கும் கை, பிறகு பட்டன் பட்டி என்றுதான் அவர் முப்பது வருடமாகத் தைக்கிறார். ஜிப்பா எல்லாம் ஏறக்குறைய ஒரே அமைப்பு; அளவுதான் மாறும். அவர் சொன்னது சரி. ரவிக்கை ஒவ்வொன்றும் ஒரு மாதிரி என்பதால் அங்கே ஒவ்வொன்றாக முடிக்க வேண்டும். ஒரே மாதிரி வேலையைச் சேர்த்துச் செய்வதில் குற்றமில்லை. அவருக்கு விதி தளர்த்தப்பட்டது.

ஆயுத பூஜை அக்டோபர் 1. அதற்கு முந்தைய நாளை இயந்திரங்களுக்கென்று ஒதுக்கினார்கள். தூசி தட்டி, எண்ணெய் விட்டு, ஊசி எல்லாவற்றையும் மாற்றினார்கள்: பட்டுக்கு 11-ஆம் எண், பருத்திக்கு 14. மழுங்கிய ஊசி பட்டில் இழை இழுக்கும். அந்தத் தழும்பு இஸ்திரியில் போகாது. பூஜையன்று பொட்டு வைத்து, பொரி கடலை கொடுத்து, எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார் அக்கா. நெரிசலின் உச்சத்தில் ஒரு நாளை விடுவது பைத்தியக்காரத்தனம் என்று அடுத்த கடைக்காரர் சொன்னாராம்.

நேரமும் சோறும்

சாதாரண வேலை நேரம் 45 மணி. ஓவர்டைம் வாரத்தில் மூன்று மாலை, ஒன்பது மணிவரை. மொத்தம் வாரத்துக்கு 54 மணி. மாதத்துக்கு என்று பார்த்தால் சட்டம் விடும் 104-இல் பாதிகூட வராது. எந்த மூன்று மாலை என்பதை அவரவரே வாரத் தொடக்கத்தில் எழுதிக் கொடுத்தார்கள். பிள்ளைக்குப் பரீட்சை, மாமியாருக்கு மருத்துவமனை, கோவில் விரதம் என்று ஒவ்வொருவர் வாரமும் ஒரு மாதிரி. ஞாயிறு வாடிக்கையாளர் வருகிற நாள், ஆகவே வாசல் திறந்திருக்கும். தையல் இயந்திரம் ஓடாது. அக்காவும் மருமகளும் மட்டும் இருப்பார்கள். இருவரும் வாரத்தின் நடுவில் மாற்றி மாற்றி ஓய்வெடுத்தார்கள்.

பகல் சாப்பாடு கடைச் செலவு. புரட்டாசி மாதம் என்பதால் சைவம். பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் மாதக் கணக்கு. முன்பெல்லாம் ஒருவர் தைக்க ஒருவர் சாப்பிடுவார். இப்போது ஐந்து இயந்திரத்தையும் நிறுத்திவிட்டு ஒன்றாக உட்கார்ந்தார்கள். எந்தப் பையில் சிக்கல், எந்தத் துணி வழுக்குகிறது, யாருக்கு உதவி தேவை என்பதெல்லாம் அந்தச் சோற்றுக்கு நடுவேதான் வெளியே வந்தது. “கூட்டம்” என்று பெயர் வைத்திருந்தால் யாரும் பேசியிருக்க மாட்டார்கள்.

மின்சாரம் போகும் பிற்பகலுக்கு ஒரு கைவேலைப் பெட்டி வைத்தார்கள். கொக்கி, பொத்தான், விளிம்புத் தையல் எல்லாம் அதில் சேரும். இடி இடித்துக் கரண்ட் போனால் எல்லோரும் வாசல் வெளிச்சத்தில் அமர்ந்து அதைச் செய்வார்கள்.

எது இடறியது

மேசையில் வேலை ஒழுங்காக ஓடத் தொடங்கியதும், தேக்கம் இடம் மாறியது. தைத்து முடித்த ரவிக்கைகள் கொக்கிக்காகத் தோட்டத்து வீடுகளில் குவிந்தன. அந்த இரண்டு அக்காமாரும் காலையில் தோட்டத்து வேலைக்குப் போகிறவர்கள், இரவில்தான் கொக்கி. கடையில் ஆட்களுக்கு ஓய்வு கிடைத்ததும், இரவு வேலை கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு நகர்ந்திருக்கிறது. பை திரும்ப இரண்டு நாள் பிடித்தபோதுதான் இது தெரிந்தது. கைவேலைப் பெட்டியை மின்வெட்டுக்கு மட்டும் என்று வைக்காமல், மாலை ஐந்துக்கு மேல் ஒரு பெண் முழுநேரமும் கொக்கிக்கு உட்கார்ந்தாள். தோட்டத்துக்குப் போகும் பை பாதியாகக் குறைந்தது. துணிக்கான கூலியைக் கொஞ்சம் உயர்த்தியதால் அவர்கள் வருமானம் அதே அளவு குறையவில்லை.

நீண்டகால வாடிக்கைக் குடும்பம் ஒன்று பதிவு மூடிய பிறகு வந்து, கோலகங்சார் பக்கம் வேறு கடைக்குப் போய்விட்டது. அது நட்டம்தான். மருமகளுக்குக் கொடுத்த சம்பளமும் புதுச் செலவு. அக்கா இரண்டையும் கணக்கில் எழுதி வைத்திருக்கிறார்.

கடைசித் தையல் அக்டோபர் 18, சனிக்கிழமை மாலையோடு முடிந்தது. 19-ஆம் தேதி ஞாயிறு கொடுப்பதற்கு மட்டும். போட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவர்கள் இருந்தார்கள், ஆனால் மாமா ஒருவரே நின்று சமாளிக்கிற அளவில். 2024-ஐவிடச் சற்றுக் குறைவான துணிதான் தைத்தார்கள். ஓவர்டைமும் பிரித்துத் தைப்பதும் குறைந்ததால் கடைசியில் கையில் நின்ற பணம் குறையவில்லை. நவம்பரில் எல்லோரும் வேலைக்குத் திரும்பினார்கள். என்னைக் கேட்டால், அந்தப் பருவத்தின் உற்பத்திக் கணக்கில் முதலில் எழுத வேண்டியது இதைத்தான். பட்டு ரவிக்கை தைக்கப் புதிதாக ஒருவரைப் பழக்கி எடுக்க ஒரு வருடமாவது ஆகும்.

தோட்டத்து அலுவலகத்தில் வேலை செய்யும் கிராணி (எழுத்தர்) ஒருவரிடம் இதைச் சொன்னபோது, மாதக் கடைசியில் செக்ரோல் (கூலிப் பதிவேடு) முடிக்கும் நாட்களும் இப்படித்தான் என்றார். ஒவ்வொரு மண்டோரும் (மேற்பார்வையாளரும்) தன் கணக்கை முதலில் பார்க்கச் சொல்லி மேசை முன் நிற்க, எதுவும் முடியாமல் எல்லாமே பாதியில் கிடக்கும் நாட்கள். அங்கேயும் முழுமையில்லாத கணக்குத் தாளை மேசையில் ஏற்றாமல் இருந்தாலே பாதி நெரிசல் தணியும் என்று நினைக்கிறேன்.

2026-இல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. சட்டத்தின் ஏழாம் தேதி அதற்கு முந்தைய நாளில் விழுகிறது. அந்தச் சம்பளத்தை நம்பித் துணி தைக்க முடியாது. அதற்கு முந்தையது அக்டோபர் 7, புதன்கிழமை. அங்கிருந்து 32 நாள் இருப்பதால் இடைவெளி தாராளமாகத் தெரியும், எல்லோரும் நிதானமாக வரலாம் என்று நினைப்பார்கள்; கடைசியில் அக்டோபர் இறுதியில்தான் கூட்டம் சேரும். அதனால் புத்தகத்தை ஏழாம் தேதிக்கு முன்பே திறப்பது, பண்டிகைக்கு முன் தோட்டம் சம்பளம் போட்டால் அப்போது வருகிறவர்களுக்காகச் சிவப்புக் கோட்டை மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதியாக உயர்த்துவது, கொக்கிக்கு மூன்றாவது ஆளைச் செப்டம்பரிலேயே சேர்ப்பது என்று அக்கா முடிவு செய்திருக்கிறார். மூத்த பெண் இப்போது பருத்தி ரவிக்கையும் வெட்டிப் பழகுகிறாள். இரண்டாவது வெட்டு மேசை ஒன்றுக்குத் தச்சரிடம் அளவு கொடுத்தாகிவிட்டது.